மருதம்பட்டை: மரத்திலிருந்தா, கடைத் துண்டா, பொடியா, கேப்சூலா?

ஸ்டென்ட் வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்கள், பிரஷர் மாத்திரையை இப்போதுதான் ஆரம்பித்த நாற்பது வயதுக்காரர்கள், அப்பாவுக்காக விசாரிக்கும் பிள்ளைகள், எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். மருதம்பட்டை நெஞ்சுக்கு நல்லது என்கிறார்களே, அதை எப்படி வாங்குவது? தாமிரபரணிக் கரையில் நிற்கிற மரத்திலேயே கொஞ்சம் உரித்துக்கொள்ளலாமா, திருநெல்வேலி டவுண் ரதவீதியில் நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சியிடம் துண்டாக வாங்கலாமா, பொடி பாக்கெட் போதுமா, பாளையங்கோட்டை சித்த மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு எடுக்க வேண்டுமா, இல்லை கேப்சூல் வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா?

நம் பக்கத்தில் பெரும்பாலும் இதைச் "சுத்தம்" என்ற ஒரே கணக்கில் முடிவு செய்துவிடுகிறோம். மரத்திலிருந்து நேராக வந்தது சுத்தம், டப்பாவில் வந்தது கலப்படம் என்று. நான் வேறொரு கணக்குப் போடச் சொல்கிறேன். வயிற்றுக்குள் போவது என்ன, எவ்வளவு என்பது எந்த வடிவத்தில் அதிகம் உறுதியாகத் தெரிகிறதோ, அதற்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

முதலில், கையில் இருப்பது மருதம்தானா? கருமருது என்று அதே குடும்பத்தில் இன்னொரு மரம் உண்டு, அதன் பட்டையும் மருதம்பட்டையோடு கலந்து சந்தைக்கு வருவது புதிய விஷயம் இல்லை. முழுத் துண்டாக இருந்தால் கண்ணாலேயே பிரித்துவிடலாம். மருதம்பட்டையின் வெளிப்புறம் வழவழப்பாக, சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும், உள்புறம் இளஞ்சிவப்பாக நார் நாராக இருக்கும். கருமருதின் பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

அடுத்தது அளவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டை மருந்துகளின் சரித்திரமே இதில்தான் இருக்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு ஐரோப்பாக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையின் சின்கோனா பட்டையைப் பொடித்துக் குடித்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டது, இன்னொருவருக்கு அதே பட்டை என்று கொடுத்தது ஒன்றும் செய்யவில்லை. மரத்துக்கு மரம், இனத்துக்கு இனம் பட்டையில் இருக்கும் குயினைன் பல மடங்கு மாறும் என்பதுதான் காரணம். 1820இல் பாரிஸில் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பேர் குயினைனைத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான், இந்த நோயாளிக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்க வழி பிறந்தது. நம் நீலகிரியிலேயே நடுவட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் சின்கோனா தோட்டமும் குயினைன் ஆலையும் வந்தது அந்த வழியில்தான்.

மருதம்பட்டைக்கு அப்படி ஒரே ஒரு பொருளைக் காட்டி "இதுதான் வேலை செய்கிறது" என்று சொல்ல முடியாது. அர்ஜுனோலிக் அமிலம், அர்ஜுனிக் அமிலம், அர்ஜுனெட்டின் என்று டிரைடெர்பீன் வகைப் பொருட்கள் இருக்கின்றன, ஃபிளேவனாய்டுகள் இருக்கின்றன, ஏராளமாக டானின் இருக்கிறது. நாக்கில் இழுக்கிற அந்தத் துவர்ப்பு டானின் கொடுப்பது. டானின் வெந்நீரில் சுலபமாக இறங்கிவிடும். அர்ஜுனோலிக் அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது, எரிசாராயத்தில் கரையும். பாலில் காய்ச்சினால் பாலின் புரதம் டானினில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால்தான் பால் கஷாயம் துவர்ப்புக் குறைந்து இருக்கிறது. அப்படியானால் கஷாயம் குடிப்பவர், பாலில் காய்ச்சிக் குடிப்பவர், பொடியை அப்படியே விழுங்குபவர், சாறெடுத்த கேப்சூல் போடுபவர், இந்த நாலு பேருக்கும் உள்ளே போவது நாலு விதமான கலவை. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கேட்டது உங்களுக்கும் அப்படியே கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

மற்றவை: பட்டையோடு கூடவே வருகிற பூஞ்சணமும் புழுதியும், ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையோடு மோதுமா என்பது, கண்ணுக்குத் தெரியாத செலவு, அப்புறம் மரத்துக்கு என்ன ஆகிறது என்பது.

அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு:

| வடிவம் | மருதம்தான் என்ற உறுதி | அளவு பற்றிய உறுதி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மரத்தில் உரித்தது | மரம் தெரிந்தவருக்கு அதிகம் | மிகக் குறைவு | மரம், சட்டச் சிக்கல் |
| கடைத் துண்டு | பார்த்து வாங்கினால் அதிகம் | குறைவு | தினமும் அடுப்பும் நேரமும் |
| பொடி பாக்கெட் | குறைவு | குறைவு | கலப்படம், பழைய சரக்கு |
| சித்த மருத்துவர் தருவது | நல்ல உறுதி | ஓரளவு நல்லது | காத்திருப்பு, போக்குவரத்து |
| சாறெடுத்த கேப்சூல் | கம்பெனியைப் பொறுத்தது | லேபிள் சரியாக இருந்தால் நல்லது | மாதா மாதம் பணம் |

மரத்திலிருந்து நேராக

பாபநாசத்திலிருந்து கீழே வரும் வழியெல்லாம் ஆற்றங்கரையில் மருதமரங்கள் நிற்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. காசு இல்லை, கண் முன்னால் மரம் நிற்கிறது, வேறு மரமாக இருக்க வாய்ப்பும் குறைவு. இதன் நல்ல பக்கம் அவ்வளவுதான்.

கெட்ட பக்கம் பெரியது. பச்சைப் பட்டையில் ஈரம் எவ்வளவு என்று தெரியாமல் எடை போட முடியாது, காய்ந்த பட்டைக்குச் சொன்ன அளவு இதற்குப் பொருந்தாது. நிழலில் சரியாகக் காயவைக்காமல் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாலையோர மரம் என்றால் புகையும் புழுதியும் பட்டையில்தான் படிந்திருக்கும். மரம் ஆற்றுப் புறம்போக்கில் நின்றால் அது அரசுச் சொத்து. களக்காடு முண்டந்துறைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் என்றால் பட்டை உரிப்பது வனச் சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றையும் விட எனக்கு மனசு கேட்காதது மரத்தின் நிலைதான். இலையில் தயாராகும் உணவு வேருக்குப் போவது உள்பட்டை வழியாகத்தான். சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துப்போகும், அது உடனே தெரியாது, அதனால் உரித்தவருக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாமல் போகும். அமெரிக்காவில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து எடுத்தபோது இதே பிரச்சினை பெரிய அளவில் வந்தது. பட்டைக்காக மரத்தையே வெட்ட வேண்டியிருந்தது, மருந்துக்கு 1992இல் அனுமதி கிடைத்தபோது மரம் போதாது என்ற பயம் இருந்தது, வேறொரு யூ மரத்தின் இலையிலிருந்து மூலப்பொருள் எடுத்து மருந்தாக மாற்றும் வழி வந்த பிறகுதான் அந்த மரங்கள் தப்பின. நம் ஊரில் திருப்புடைமருதூர் கோயிலுக்கு மருதம்தான் தலவிருட்சம், அங்கே ஆற்றங்கரை மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005இல் அந்த இடத்தையே காப்பிடமாக அறிவித்தார்கள். அப்படி ஒரு மரத்தில் கத்தி வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இந்த வழி யாருக்குச் சரி? சொந்தத் தோட்டத்தில் வளர்ந்த மருதமரம் இருக்கிறது, கூடவே விஷயம் தெரிந்த வைத்தியர் இருக்கிறார் என்றால் மட்டும். அப்போதும் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் சிறு துண்டு, உள்பட்டையை விட்டுவிட்டு வெளிப்பட்டை மட்டும். அப்படி எடுத்தால் மீண்டும் வளர்ந்துகொள்ளும்.

நாட்டு மருந்துக் கடைத் துண்டு

வீட்டிலேயே கஷாயம் வைக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கடையில் நிற்கும்போதே இரண்டு மூன்று துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், வெளிப்புறம் வெளுத்து வழவழப்பாக இருக்கிறதா, உள்ளே சிவப்பு நார் தெரிகிறதா, பச்சையோ கருப்போ பூஞ்சணப் புள்ளி இருக்கிறதா, உடைத்தால் மக்கு வாடை வருகிறதா. பழகிய கடை அண்ணாச்சி இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். வெந்நீரில் போட்டால் சிவப்பாகச் சாயம் இறங்குவதை வைத்து நல்ல பட்டை என்று முடிவு கட்ட வேண்டாம், டானின் உள்ள எந்தப் பட்டையும் அப்படி இறங்கும்.

விலை குறைவுதான், ஆனால் தினமும் இடித்து, கொதிக்கவைத்து, வற்றவைத்து, வடிகட்டி என்று அடுப்படியில் ஒருவருடைய அரைமணி நேரம் போகும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் நேரம், அதையும் செலவில் சேர்க்க வேண்டும். இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள், டானின் இரும்போடு சேர்ந்து மையாகக் கறுக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். காலையில் வைத்ததை ராத்திரி வரைக்கும் வைத்துக் குடிப்பதும் கூடாது. கஷாயத்தைச் சித்த மருத்துவத்தில் "குடிநீர்" என்பார்கள், அதற்கு ஆயுள் 3 மணி நேரம்தான் என்று வரையறுத்திருக்கிறார்கள்.

அளவு மட்டும் இந்த வழியில் கடைசிவரை தோராயம்தான். பட்டையின் எடையை நிறுத்தாலும் அதிலிருந்து தண்ணீரில் எவ்வளவு இறங்கியது என்பது துண்டின் பருமன், கொதித்த நேரம், மரத்தின் வயது எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய வியாதி எதுவும் இல்லாத, வேறு மாத்திரை சாப்பிடாத ஒருவர் வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் குடிப்பதற்கு இந்தத் தோராயம் பரவாயில்லை. நெஞ்சு நோயாளிக்குப் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பொடி பாக்கெட்

வசதி இருக்கிறது, அதனால்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். ஆனால் பட்டை பொடியான அந்த நிமிஷத்திலேயே மருதமா கருமருதா என்று கண்ணால் சொல்லும் வாய்ப்பு போய்விடுகிறது. அதற்கு மேல் மைக்ராஸ்கோப்போ ஆய்வகமோ வேண்டும். சூரணத்துக்கு, அதாவது பொடி மருந்துக்கு, 3 மாதம்தான் ஆயுள் என்று சித்த மருத்துவம் சொல்கிறது, கடை அலமாரியில் எத்தனை மாதமாக இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆயுர்வேத மருந்து நூலில் பட்டைப் பொடிக்கு 3 முதல் 6 கிராம் வரை என்று அளவு இருக்கிறது, நம் வீட்டிலோ தேக்கரண்டியில் அள்ளுகிறோம். தலைதட்டி எடுப்பதற்கும் குவித்து எடுப்பதற்கும் நடுவே பாதிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

லேபிளைப் பாருங்கள். சித்த அல்லது ஆயுர்வேத மருந்து தயாரிப்பு உரிம எண் இருந்தால் அது மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

சமையல் பட்டையிலும் இதே ஆபத்து உண்டு, சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் பட்டைப் பொடி சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். காகிதம் போல மெல்லிய அடுக்குகள் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. தடியாக ஒரே அடுக்காக இருப்பது கேசியா, நம் பிரியாணிக் கடைகளில் பெரும்பாலும் கிடப்பது இது. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அது அளவுக்கு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 0.1 மில்லிகிராம் கூமரின் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் எல்லை. குழம்பில் போடுகிற துண்டால் எதுவும் ஆகாது. தினமும் கரண்டி கணக்கில் பொடி சாப்பிட்டால் எல்லையைத் தாண்டிவிடலாம், பொடியில் எது எந்தப் பட்டை என்று பிரிக்கவும் முடியாது.

சித்த மருத்துவரிடம் போவது

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, நம் மாவட்டத்துக்காரர்கள் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து அளவு முடிவு செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அங்கே நாடி பார்த்து, நோயைக் கேட்டு, மருதம்பட்டை உங்களுக்குத் தேவையா என்பதையே முதலில் முடிவு செய்வார்கள். தேவையில்லை என்றும் சொல்லலாம், வேறு மருந்தும் எழுதலாம்.

செலவு என்பது நேரம்தான். காலையிலேயே வந்து வரிசையில் நிற்க வேண்டும், களக்காடு, ராதாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை போகும். வரும்போது ஆங்கில மருத்துவச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் கட்டாயம் கையில் கொண்டுவாருங்கள். "இதையெல்லாம் சொன்னால் இவர் தப்பாக நினைப்பாரோ" என்று மறைப்பவர்கள் நிறைய, அந்த மறைப்புதான் இந்த வழியில் இருக்கும் ஒரே பெரிய ஆபத்து. ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்கிறவர்களுக்கு, அறுபது தாண்டியவர்களுக்கு, பட்டை சாப்பிட்டே தீருவேன் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

சாறெடுத்த கேப்சூல்

ஒரு கேப்சூலில் இத்தனை மில்லிகிராம் சாறு, அதில் குறிப்பிட்ட பொருள் இத்தனை சதவீதம் என்று லேபிளில் இருந்தால், மற்ற எல்லா வழிகளையும் விட அளவு இதில் சீராக இருக்கும். அப்படி எழுதாமல் வெறுமனே "மருதம் 500 மி.கி." என்று மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது வெறும் பொடியாகவும் இருக்கலாம், அப்படியானால் பொடியைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறீர்கள். சாறு தண்ணீரில் எடுத்ததா, எரிசாராயத்தில் எடுத்ததா என்பதையும் பாருங்கள், மேலே சொன்ன காரணத்தால் இரண்டும் ஒன்றில்லை. வெளியூர் வேலை, பயணம் என்று இருப்பவர்களுக்கும், எந்த அளவில் எது நடந்தது என்று டாக்டரோடு சேர்ந்து கணக்கு வைக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

செறிவு அதிகம் என்பதால் மாத்திரைகளோடு மோதும் வாய்ப்பைப் பற்றியும் இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். டப்பாவைக் காட்டாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பட்டையே வேண்டாம் என்பதும் ஒரு வழி

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பலருக்கும் சரியான பதில் இதுதான்.

மருதம்பட்டையை வைத்து நம் நாட்டில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நெஞ்சுவலி குறைந்தது என்று சொன்ன சிறிய ஆய்வுகள் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இதயம் பலவீனமான 100 பேரில் ஒரு பாதிக்குப் பட்டையின் நீர்ச்சாறும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் கேப்சூலும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறனில் இரு பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பட்டைக்கு ஒரு பலனும் இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வழக்கமான மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பலாம் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

"மாத்திரையும் பட்டையிலிருந்து வந்ததுதானே" என்று கேட்பார்கள். ஆமாம், ஸ்டென்ட் வைத்தவர் தினமும் போடும் ஆஸ்பிரினின் வேர் வில்லோ மரப்பட்டையில் இருக்கிறது. அந்தப் பட்டையில் உள்ள சாலிசின் என்ற பொருள் 1828இல் பிரிக்கப்பட்டது, அந்த வழியில் கிடைத்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியதால் 1897இல் பேயர் கம்பெனியில் அதை மாற்றி அசிட்டைல் சாலிசிலிக் அமிலமாகச் செய்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைவதை அவற்றின் ஆயுள் முழுக்கத் தடுப்பது அப்படிப் புதிதாகச் சேர்த்த அசிட்டைல் பகுதிதான், பட்டையில் அது கிடையாது. அதனால் வில்லோ பட்டையைக் குடித்தால்கூட ஆஸ்பிரின் செய்கிற வேலை ஸ்டென்டுக்குள் நடக்காது, மருதம்பட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இவர்கள் டாக்டர் சொல்லாமல் எந்த வடிவத்திலும் தொட வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பட்டையும் சேர்ந்தால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கித் தலைசுற்றலாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் கஷாயத்தையும் அதையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது, டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. மலச்சிக்கல் இருப்பவர்களுக்குத் துவர்ப்பு இன்னும் கட்டும்.

புதிதாக நெஞ்சு அழுத்தம், இடதுகை வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல. 108ஐக் கூப்பிட்டு ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். வாய்வாக இருக்கும் என்று நம் வீடுகளில் கழிக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே பட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையை நிறுத்தாமல், எந்த வடிவம், எவ்வளவு, எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பாக்கெட்டையோ ஒரு துண்டுப் பட்டையையோ கூடவே எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ நாள் குறித்திருந்தால் அதற்கு வெகு முன்பே சொல்லிவிடுங்கள், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்கள் தேதி கொடுப்பார்கள்.